ஏரிக்கரையில் நின்ற மக்கள்: 'பொன்னியின் செல்வன்' படிக்கத் தொடங்குவோர்க்கு

2022-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வந்தபோது, கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து நம்மவர் பலர் மலையிறங்கிச் சென்று அதனைக் கண்டு வந்தனர். கண்டதோடு அமையாது நூலையும் வாங்கினர் என்பது மகிழத்தக்க செய்தி. ஆனால் வாங்கிய ஐந்து பாகங்களில் முதற்பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டாதவரே மிகப் பலர். காரணம் கேட்டால், "அது படித்தவர்களுக்கான தமிழ், ஐயா, நமக்கு எட்டாது" என்று கூறிவிடுகின்றனர். ஆங்கில வழியிற் கற்றுப் பின்னரே தமிழ் நூல்களைத் தேடிச் சென்ற நாமும் ஒரு காலத்தில் இவ்வாறே கூறியவர்தாம். இவ்வெண்ணம் முழுத் தவறு என்பதை, இரண்டாண்டுகளாக ஞாயிறு மாலைதோறும் தோட்டத்தில் சிலருடன் கூடியிருந்து படித்த பின்னரே உணர்ந்தோம். அங்கு எழுந்த ஐயங்களும், அவற்றிற்குத் தேடிக் கண்ட விடைகளுமே இக்கட்டுரை.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு வேடிக்கை நேர்ந்தது. வீரநாராயண ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் இருந்தன என்று கல்கி எழுதுகிறார். இதனைப் படித்ததும் கொழுந்தெடுக்கும் அம்மையார் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இந்நாட்டில் கணவாய் என்றால் சந்தையில் வாங்கிச் சம்பாலிட்டுச் சமைக்கும் கடலுணவன்றோ! மற்றொருவர், மலைகளுக்கு நடுவே செல்லும் வழியையே அது குறிக்கும் என்றார். ஏரியைப் பற்றிய இடத்தில் அச்சொல், கரையினின்று வாய்க்காலுக்கு நீர் செல்லும் வாயைக் குறிக்கிறது. மதகு என்பதும் அதுவே. ஏரி நிரம்பி மிகும் நீர் கரையை உடைக்காமல் வழிந்தோட அமைத்த இடம் கலிங்கு எனப்படும். இச்சொற்கள் நமக்குப் புதியனவாயினும் பொருள் புதியதன்று. ரிங்லெட் பக்கத்தில் 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையை நாம் அறிவோம். 2013 அக்டோபரில் அவ்வணையின் நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் மாண்டதையும் அறிவோம். மிகுநீருக்கு வழிசெய்வது எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதை நம்மவர்க்கு அகராதி கொண்டு விளக்க வேண்டுவதில்லை.

வீரநாராயணன் என்பது 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தக சோழனின் பட்டப்பெயர். அவன் மகன் இராசாதித்தன், வடக்கே போருக்கென நிறுத்திய படை வீணே காத்திராதவாறு அதனைக் கொண்டே இவ்வேரியை வெட்டுவித்தான் என்று கல்கி கதையினூடே கூறுகிறார். அவ்விளவரசன் 949-இல் தக்கோலப் போரில் இராட்டிரகூடரோடு பொருது யானைமேலேயே மாண்டான். ஏரி இன்றும் உளது. வீராணம் என்று பெயர் திரிந்து, கடலூர் மாவட்டத்து வயல்களுக்குப் பாய்வதோடு 2004 முதல் சென்னை மாநகருக்குக் குடிநீரும் அனுப்பி வருகிறது. மண்படிந்து தூர்ந்து கொள்ளளவு குறைந்தது என்பது அதற்குற்ற குறை. நம் ரிங்லெட் நீர்த்தேக்கத்திற்கும் அதே குறைதான். அரசன் பெயர் ஏரிக்கு நிலைத்தது. மண் சுமந்தவர் ஒருவர் பெயரும் நிலைக்கவில்லை.

ஆடிப் பதினெட்டைப் பற்றியும் ஒரு சொல். நம் மலையில் ஆறுகள் பொங்குவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். ஆதலின் ஆடியில் புதுவெள்ளம் என்றால் பிள்ளைகள் விழிக்கின்றனர். காவிரி பிறக்கும் குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்ய, அந்நீர் சோழநாட்டை வந்தடையும் காலம் அது என்று விளக்கிவிட்டால், முதற்பாகத்திற்குப் 'புது வெள்ளம்' என்று பெயரிட்டதன் நயம் புலப்படும். வடகாவேரி என்பது கொள்ளிடம். குடந்தை என்பது கும்பகோணம். பொன்னி என்பது காவிரியே.

நிற்க. அவ்வத்தியாயத்தில் நம் கவனத்தை ஈர்க்க வேண்டுவது வந்தியத்தேவனின் குதிரையன்று. கூட்டாஞ்சோறு கொணர்ந்து, கும்மியும் கோலாட்டமுமாய்க் களித்திருந்த குடிமக்களைப் பழுவேட்டரையரின் சேவகர் வந்து கரையினின்று விலக்குகின்றனரே, அக்காட்சிதான். பனைக்கொடி பறக்கிறது, மக்கள் ஒதுங்குகின்றனர். பின்னர்க் கட்டியம் கூறுவோர், எசமானரின் உடலில் அறுபத்துநான்கு விழுப்புண்கள் உள என்று முழங்குகின்றனர். விழுப்புண் என்பது முகத்திலும் மார்பிலும் பட்ட வீரத்தழும்பு. முதுகிற் பட்டால் அது புறப்புண், இகழ்ச்சிக்குரியது. கட்டியம் என்பது பெரியார் வருகையைப் பட்டங்களோடு முன்னறிவிப்பது. தெருக்கூத்தின் கட்டியங்காரனை அறிந்தவர்க்கு இது எளிது. அரையர் என்பது அரசர் என்னும் பொருளது. பழுவேட்டரையர், சம்புவரையர், வல்லவரையர் என்ற பெயர்களின் ஈற்றில் இதனைப் பிரித்துக் காட்டிவிட்டால், வாயில் நுழையாப் பெயர்கள் தாமே நுழைகின்றன. இப்பெயர்களுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு "அது எங்கள் குலம்" என்று மார்தட்டும் இளைஞர் சிலரும் நம்மிடையே உளர். ஏரிக்கரையினின்று விரட்டப்பட்டோரின் வழியினர் தாம் என்று கூறுவார் ஒருவரையும் இதுகாறும் கண்டிலோம்.

இரண்டாம் அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் தடியோடு நின்று சைவரோடும் அத்துவைதியோடும் பொருதுகிறான். சிவன் பெரிதா, திருமால் பெரிதா என்ற வழக்கைக் கல்கி நகைச்சுவையாக்கியிருப்பது நமக்கு உடன்பாடே. எனினும் கேட்டுக்கொண்டிருந்த ஊரார் சிரித்தனரோ, சண்டைக்குத் தயாராயினரோ என்று எண்ணிப் பார்க்கலாம். விண்ணகரம் என்பது திருமால் கோயில். நகர் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் மாளிகை, கோயில் என்னும் பொருள்களும் உண்டு. பட்டணம் என்று கொண்டால் மூன்றாம் அத்தியாயமே விளங்காது.

கடம்பூர் மாளிகையில் நிகழும் குரவைக் கூத்து, பலர் கைகோத்தாடும் பழங்கூத்து. சிலப்பதிகாரத்தில் ஆயர்க்கு ஆய்ச்சியர் குரவையும், மலைமக்களுக்குக் குன்றக் குரவையும் உள. அதனையடுத்துத் தேவராளன் ஆவேசங்கொண்டு ஆடுகிறானே, அது சங்க நூல்களில் வெறியாட்டு எனப்படுவது. நம் தோட்டத் திருவிழாவில் சாமியாடுதலைக் கண்டவர்க்கு உரை வேண்டா. மாளிகையிலே பிரபுக்கள் மகிழ அவன் குறி சொல்லிய அன்றிரவே அப்பிரபுக்கள் நடுநிசியிற் கூடி, அடுத்து யாரை அரியணை ஏற்றுவது என்று ஆராய்கின்றனர். நிசி என்பது இரவு. தெய்வம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே தம் காரியத்தைத் தாமே முடிவுசெய்யும் இவர்களது சாமர்த்தியத்தை வாசகர் கவனிப்பாராக.

இனி, இவ்வத்தியாயங்களில் வாராத சில சொற்களையும் கூற வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி காணப்படும் சொற்களுள் வெட்டி என்பது ஒன்று. கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலை என்பது அதன் பொருள். "வெட்டி வேலை" என்று நாம் அன்றாடம் கூறுவதில் அதுவே ஒலிக்கிறது. எச்சோறு என்பது அதிகாரிகள் வரும்போது ஊரார் சோறிட வேண்டிய கடமை. நாவலில் கூட்டாஞ்சோறு மணக்கிறது. கல்லிலோ எச்சோறும் உளது. கண்காணி என்னும் சொல்லும் மேற்பார்வை என்ற பொருளில் அக்கல்வெட்டுகளிலே வழங்குகிறது. அச்சொல்லே கங்காணியாகி, நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிக் கொணர்ந்த முறைக்குப் பெயராயிற்று. 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை அவ்வாறு அனுப்புவதைத் தடுத்ததோடு அம்முறை முடிந்தது. சொல் இன்னும் முடியவில்லை. காலையில் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்த நம் முன்னோர், தாம் வாயாற் சொல்லிய சொல் ஆயிரம் ஆண்டுப் பழமையது என்பதை அறியார். 'நமக்கு எட்டாத தமிழ்' என்று கூறுவோர்க்கு இதனையே விடையாகக் கூறி வருகிறோம்.

பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. ஏரிவாரியம் முதலிய குழுக்களுக்கு உறுப்பினரைக் குடவோலை இட்டுத் தேர்ந்த முறையை அவை விரிவாகக் கூறும். இதனைக் கேட்டு உலகின் முதற் குடியாட்சி என்று துள்ளுவோர், தேர்வு பெறத்தக்கவர் யார் என்பதையும் அக்கல்லிலேயே படிக்க வேண்டும். சொந்த நிலமும் சொந்த மனையும் உடையராய், வேதம் கற்றவராய் இருத்தல் வேண்டும் என்கிறது அது. ஏரியில் மண் அள்ளியவனுக்கு ஏரிவாரியத்தில் இடமில்லை.

கதை வேறு, வரலாறு வேறு என்று பிரித்தறிவதும் நம் கூட்டத்தில் எழுந்த கேள்வியே. ஆழ்வார்க்கடியானும் நந்தினியும் கல்கியின் கற்பனை. வல்லவரையர் வந்தியத்தேவர் உண்மையில் இருந்தவர். ஆனால் இராசராசனின் தமக்கை குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு தரும் குறிப்பிற்கு மேல் அவரைப் பற்றி அறியக்கூடியது சிறிதே. அவருடைய குறும்பும் குதிரையும் கல்கி தந்தவை. அவை பொய் என்பதால் சுவை குறைந்துவிடாது. பழுவேட்டரையர் குலமும் உண்மையே. அரியலூர் மாவட்டத்துப் பழுவூரில் அவர் எடுத்த கோயில்கள் நிற்கின்றன. பராந்தகனுக்குப் பெண்கொடுத்த குடி அது. அவர்களை அரசுக்கு எதிராகச் சதி செய்தவராகக் கொள்ளக் கல்வெட்டிற் சான்றில்லை.

ஆயின் சதி நடந்தது உண்மை. எங்கே அதன் சான்று? கதை தொடங்கும் அவ்வேரியின் பக்கத்திலேயே! காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிற் சுவரில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றுளது. அவன் பட்டமேறியது 985. ஆகவே இது ஏறக்குறைய 987. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தாரை அது பெயர்சுட்டிக் கூறி, அவர்கள், அவர்தம் உறவினர் ஆகியோரின் சொத்துகள் பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஆணையிட்டதைத் தெரிவிக்கிறது. இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்பது பட்டம். அது அரசுப் பணியிலிருந்த பார்ப்பனர் பெறும் பட்டம். கதையில் மந்திரவாதியாக உலவுபவன் கல்லில் அதிகாரியாக நிற்கிறான்!

கொலைத் தண்டனை பற்றி அக்கல்வெட்டிற் பேச்சில்லை. மனுநீதியே இதற்குக் காரணம் என்று நம் இயக்கத் தோழர் சிலர் அடித்துக் கூறுவர். அது நடந்திருக்கக்கூடியதே. எனினும் கல்லில் இல்லாததைக் கல்லின்மேல் ஏற்றினால், புராணம் பாடுவோர்க்கும் நமக்கும் வேற்றுமை என்ன? கொலையில் உத்தமசோழனுக்கும் பங்குண்டோ என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார்; சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். இருவரும் படித்தது ஒரே கல்லைத்தான்.

எங்கள் கூட்டம் இப்போது பத்தாம் அத்தியாயத்தில், குடந்தைச் சோதிடர் வீட்டு வாயிலில் நிற்கிறது. முதல் நாளன்று கணவாய்க்குச் சிரித்த அம்மையார், சோதிடரை என்ன செய்யப் போகிறோம் என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.