காவல் காத்ததும் காத்திருந்ததும்

பொது ஆண்டு 949 அளவில், இன்றைய அரக்கோணத்துக்கு அருகே உள்ள தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டான். முதலாம் பராந்தகனின் மகன் அவன். யானைமேல் இருந்தபடி இறந்ததால் ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று பிற்காலச் சோழர்கள் அவனை நினைவுகூர்ந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் நின்றவன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். இராசாதித்தனைக் கொன்றவன், கிருஷ்ணனுக்குத் துணைநின்ற மேலைக் கங்க மன்னன் பூதுகன். இதெல்லாம் நமக்கு எங்கிருந்து தெரியும் என்று தேடிப் போனால், முக்கியமான சான்றுகளில் ஒன்றாக வந்து நிற்பது ஒரு நாய்க்கு நட்ட கல்.

கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் இருந்த கல் அது. இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மேற்பகுதியில் ஒரு வேட்டை நாயும் காட்டுப்பன்றியும் மோதும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். மணலேரன் என்ற வீரன் போரில் காட்டிய துணிவுக்காக “வேண்டியதைக் கேள்” என்றானாம் தலைவன். மணலேரன் கேட்டது காளி என்ற நாயை. பின்னர் ஒரு நாள் காளியைப் பெரிய பன்றி ஒன்றின்மேல் ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று செத்தன. கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டு, அந்தக் கல்லை வழிபடுவதற்கு நிலமும் விட்டார்கள். சோழ நாட்டையே உலுக்கிய போர், இந்த நாயின் கதைக்கு முன்னுரைபோலப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மணலேரனுக்குக் காளியில் எவ்வளவு பிரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. காளிக்கு மணலேரனில் பிரியம் இருந்ததா என்பதைக் கல் சொல்லவில்லை. கல்வெட்டுகள் எப்போதும் ஒரு பக்கத்தார் எழுதியவை.

இதைவிட மூன்று நூற்றாண்டு மூத்த கல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காக நடந்த பூசலில் கருந்தேவகத்தி என்ற வீரன் இறந்துபட்டான். அவன் வில்லோடு நிற்க, பக்கத்தில் அவனுடைய நாய். நாய்க்குத் தனியாக எழுத்துப் பொறித்து, அதன் பெயரையும் கொடுத்திருக்கிறார்கள்: கோவிவன். கள்ளரைக் கடித்துக் ‘காத்திருந்த’ நாய் என்கிறது கல். என்னை நிறுத்திவைப்பது இந்தச் சொல்தான். ஏழாம் நூற்றாண்டில் அதன் பொருள் காவல் காத்து நின்றது என்பதாகத்தான் இருக்கும். இன்று நாம் அதை வாசித்தவுடன் மனத்தில் வருவது வேறு: வராத ஒருவருக்காக ஒரு நாய் பார்த்துக்கொண்டிருப்பது. வீரன் விழுந்து கிடக்க, நாய் பக்கத்தில் நிற்பதால் இரண்டு பொருளும் பொருந்திவிடுகின்றன.

நாய்க்கு நாம் பழகிக் கொடுத்த சொல் அன்பு அல்ல, நன்றி. “நாய் நன்றியுள்ள பிராணி” என்று எழுதாமல் எங்கள் தலைமுறையில் ஒருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. அதே வாயால்தான் “நாயே” என்று திட்டவும் செய்தோம். ஸ்காபரோவில் வளரும் என் பெறாமகள் ஒருநாள் கேட்டாள்: “பெரியப்பா, ஊரில உங்கட நாய் உங்களை லவ் பண்ணிச்சுதா?” அவளுடைய வீட்டு நாய் கட்டிலில் தூங்குகிறது, பிறந்தநாளுக்கு அதற்குத் தொப்பி வைக்கிறார்கள். எங்களுடையது வளவு நாய். அது திண்ணைக்கு மேலே ஏறியதில்லை. அவளுக்குச் சொல்ல என்னிடம் இருந்த சொல் நன்றி ஒன்றுதான். நன்றி என்றால் சோற்றுக்குக் கணக்கு. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. அவள் கேட்டது அதை அல்ல.

இந்தக் குழப்பம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. ஸ்கொட்லாந்தில், எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் மயானத்தில் பொபி என்ற சிறிய நாய் 14 ஆண்டுகள் தன் எசமானின் புதைகுழியைக் காத்தது என்று சொல்லப்படுகிறது. எசமான் ஜோன் கிரே இரவுக் காவல் பொலிஸ்காரர், 1858இல் இறந்தவர். 1867இல் அந்நகரின் தலைவராக இருந்த வில்லியம் சேம்பர்ஸ் நாய்க்கான வரியைத் தானே கட்டி, பெயர் பொறித்த கழுத்துப்பட்டியும் கொடுத்தார். 1872இல் நாய் இறந்தது. அடுத்த ஆண்டே சிலை வைத்தார்கள். ஜான் பொண்டெசன் என்ற ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட நூலில் கதையைப் பிரித்து மேய்ந்துவிட்டார். அன்றைய ஐரோப்பாவின் மயானங்களில் தெருநாய்கள் தங்குவது வழக்கம். வருகிறவர்கள் இரக்கப்பட்டு உணவு போடுவார்கள், உணவு கிடைப்பதால் நாய் போகாது. பொபி என்பது ஒரு நாயே அல்ல, முதலாவது செத்த பிறகு வேறொன்றைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். நாயைப் பார்க்க வந்தவர்களால் பக்கத்து உணவுவிடுதிக்கு நல்ல வியாபாரம். பழைய படங்களில் நாயின் உருவம் மாறுவதை அவர் காட்டும்போது மறுப்பது கடினம்.

ஹச்சிகோவின் கதையை அப்படிக் கலைத்துவிட முடியாது. அது நடந்தது. 1923 நவம்பரில் ஜப்பானின் அகித்தா மாகாணத்தில் பிறந்த நாய். அடுத்த ஆண்டு டோக்கியோவுக்கு, வேளாண் பேராசிரியர் உயெனோ ஹிதெசபுரோவின் வீட்டுக்கு வந்தது. அவருடைய கல்லூரி அப்போது கொமாபாவில், வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. தூரப் பயணம் போனால் ஷிபுயா நிலையத்துக்குத்தான் ரயிலில் வந்து இறங்குவார். 1925 மே 21 அன்று கல்லூரியில் இருந்தபோது மூளையில் இரத்தம் கசிந்து இறந்துபோனார். அவரோடு ஹச்சிகோ வாழ்ந்தது ஏறத்தாழ 16 மாதங்கள். அதன்பின் வீடு வீடாக மாற்றப்பட்டு, கடைசியில் பேராசிரியரின் தோட்டக்காரரிடம் வந்து சேர்ந்தது. அங்கிருந்து ஷிபுயா நிலையத்துக்குப் போய்ப் போய் வந்தது. 1935 மார்ச் 8 அன்று சாகும்வரை.

முதல் ஏழு ஆண்டுகள் அதை யாரும் போற்றவில்லை. நிலையத்தில் தொந்தரவு என்று விரட்டினார்கள், அடித்தார்கள். 1932 ஒக்டோபரில் அசாஹி நாளிதழில் செய்தி வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. 1934 ஏப்ரலில் வெண்கலச் சிலை திறந்தபோது ஹச்சிகோவே விழாவுக்கு வந்திருந்தது. தன் சிலையைத் தானே பார்த்த நாய் உலகில் வேறு இருக்குமா தெரியாது. பள்ளி ஒழுக்கப் பாடநூலில் ஹச்சிகோ இடம்பெற்றது. அந்தப் பாடத்தின் தலைப்பில் இருந்த சொல் அன்பு அல்ல, ‘ஒன்’. பெற்ற கடனை மறவாமை என்று சொல்லலாம், ஏறக்குறைய நம்முடைய நன்றி. பேரரசருக்கு விசுவாசமான குடிமக்கள் தேவைப்பட்ட காலம் அது. விசுவாசத்துக்கு ஒரு நாய் கிடைத்தது. பத்தாண்டு கழித்துப் போருக்கு உலோகம் வேண்டியபோது அந்தச் சிலையையும் உருக்கிவிட்டார்கள். இன்று ஷிபுயாவில் நிற்பது 1948இல், முதற் சிற்பியின் மகன் செய்தது.

சந்தேகப்பட்டவர்கள் அப்போதே இருந்தார்கள். நிலையத்தைச் சுற்றி யாகிதோரிக் கடைகள். குச்சியில் குத்திச் சுட்ட கோழி வாசத்துக்குத்தான் நாய் வந்தது என்றார்கள். இறந்தபின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது யாகிதோரிக் குச்சிகள் உள்ளே இருந்தன. அப்போது நெஞ்சுப்புழு என்றார்கள். பாதுகாத்து வைத்த உறுப்புகளை 2011இல் மீண்டும் சோதித்தபோது இதயத்திலும் நுரையீரலிலும் புற்றுநோயும் இருந்தது தெரிந்தது. குச்சிகளைப் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. புகழ் வருவதற்கு முன் அந்த நிலையத்தில் கிடைத்தது உதைதான். தோட்டக்காரர் வீட்டில் அதற்குச் சோறு இருந்தது. கோழிக்காக மட்டும் ஏழு வருடம் அடி வாங்க அவசியமில்லை.

அப்படியானால் அன்பா? சார்ள்ஸ் டார்வின் இதைத் தன் நாயிடமே சோதித்துப் பார்த்தார். பீகிள் கப்பலில் போய்த் திரும்பியபின், லாயத்துக்கு அருகே போய்ப் பழையபடி குரல் கொடுத்தார். ஐந்து வருடமும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. அந்நியரைக் கண்டால் சீறும் நாய் அது. குரல் கேட்டதும் எழுந்து, அரை மணி நேரத்துக்கு முன் பிரிந்ததுபோலப் பின்னால் நடந்து வந்ததாம். ஆனால் மகிழ்ச்சி எதையும் காட்டவில்லை என்று 1871இல் வந்த மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் நேர்மையாக எழுதியிருக்கிறார். 20 வருடம் கழித்து வந்த ஒடிசியசை ஆர்கோஸ் கண்டுபிடித்து, வாலாட்டிவிட்டுச் செத்துப்போவதாக ஹோமர் பாடினார். ஊரைவிட்டு வந்தவர்கள் எல்லோரும் ஆர்கோஸைத்தான் எதிர்பார்த்துத் திரும்பிப் போகிறோம். பலருக்குக் கிடைப்பது டார்வினின் நாய்.

மனிதர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1939 செப்டெம்பரில் போர் அறிவித்த முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன. குண்டு எதுவும் விழவில்லை. வளர்த்தவர்களே விலங்கு வைத்தியர்களிடம் வரிசையில் நின்று கொடுத்துக் கொல்வித்தார்கள். அரசு அப்படிக் கட்டளையிடவில்லை. நாட்டுப்புறத்துக்கு அனுப்புங்கள், முடியாவிட்டால் கொன்றுவிடுவதே இரக்கம் என்ற தொனியில் ஓர் அறிவுரைத் துண்டுப் பிரசுரம் இருந்தது, அவ்வளவுதான். ஹில்டா கீன் என்ற வரலாற்றாசிரியர் 2017இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். நாய்கள் நம்மை நேசிக்கின்றனவா என்று கேட்கிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாங்கள் கொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30 மாலை ஒலிபெருக்கி அறிவிப்பு வந்து, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து மழைக்குள் நடந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி. அம்மம்மா நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஒரு பானைச் சோற்றைக் கிணற்றடியில் வைத்தா. அது எங்களோடு சந்தி வரை வந்தது. அதன்பின் சனத்துக்குள் காணவில்லை. அந்த வீதியில் அன்று ஆட்களின் காலுக்குள் நுழைந்து நுழைந்து ஓடிய நாய்களை அங்கு நடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்களில் யாரும் அதைப் பற்றிப் பிறகு அதிகம் எழுதவில்லை. மனிதர்களைப் பற்றியே எழுதி முடியாத போது நாயைப் பற்றி எப்படி எழுதுவது?

அடுத்த ஆண்டு மே மாதம் திரும்பிப் போனோம். நாய் உயிரோடு இருந்தது, முன்பைவிடக் கொழுத்திருந்தது. எங்கள் ஒழுங்கை முடக்கில் இராணுவக் காவலரண் ஒன்று இருந்தது, அங்கே சாப்பாடு. எங்களைக் கண்டு குலைத்தது. பிறகு மணந்து பார்த்துவிட்டு வளவுக்குள் வந்து பழைய மாமரத்தடியில் படுத்தது, டார்வினின் நாயைப்போல. காலையில் எழும்பிக் காவலரணுக்குப் போகும். பொழுதுபட்டால் எங்களிடம் வரும். மாமா அதற்குப் பெயரையே மாற்றிவிட்டார். “துரோகி வாறார், சோறு வையுங்கோ” என்பார். ஊரில் அந்தச் சொல்லை மனிதர்களுக்குச் சொல்வதன் விலை என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தபடியால், நாய்க்குச் சொல்லிச் சிரிப்பது ஒருவித ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம்.

1998இல் புடாபெஸ்டில் ஓர் ஆய்வு நடந்தது. குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அறிய உளவியலாளர்கள் பயன்படுத்திய சோதனையை நாய்களுக்கு மாற்றி அமைத்தார்கள். அறிமுகமில்லாத அறையில் எசமானும் அந்நியரும் மாறி மாறி வெளியே போய் வருவார்கள். எசமான் அருகில் இருந்தால் நாய் விளையாடியது. அவர் போனால் கதவருகே போய் நின்றது. குழந்தைகள் நடந்துகொள்வது போலவே. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் எசமானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் இருவர் உடலிலும் ஒக்சிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே வேலைசெய்யும் சுரப்பு அது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இப்படி நடக்கவில்லை. என் பெறாமகளுக்கு இவை போதும்.

எனக்கு முக்கியமாகப்பட்டது புடாபெஸ்ட் குழுவினரின் 2001ஆம் ஆண்டு ஆய்வு. கைவிடப்பட்ட நாய்களின் காப்பகங்களுக்குப் போய், வளர்ந்த நாய்களோடு ஒரே ஆள் மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம் பழகினார். பிறகு அதே சோதனையை வைத்தபோது, வீட்டு நாய் தன் எசமானிடம் நடப்பதுபோல அவை அவரிடம் நடந்துகொண்டன. மொத்தம் அரை மணி நேரம். மாமாவின் சொல்லில் சொன்னால் அத்தனையும் துரோகிகள். பழைய பிணைப்பு அழிந்தா புதியது வருகிறது என்பதற்கு அந்தச் சோதனையில் இடமில்லை. எங்கள் நாயைப் பார்த்த அளவில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டும் இருக்க இடம் உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சில வருடங்களில் காவலரணை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்மூட்டை கிடந்த அடையாளமும் இரண்டு பனங்குற்றியும் மிஞ்சின. நாய் வழமைபோலக் காலையில் அங்கே போனது. யாரும் இல்லாத முடக்கில் வீதியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. முதல் நாள் பொழுதுபட்டும் வரவில்லை, இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாமா ஒரு கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து அந்தப் பக்கம் போனார். அப்போது அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை.