தோற்ற கட்சியில் வென்ற பெண்
தோட்டத்து மண்ணின் பெண்கள் – 9

1952 பிப்ரவரி 16. கோலாலம்பூர் நகராட்சிக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்த நாள். மொத்தம் 12 இடங்கள். அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து நின்று 9 இடங்களைப் பிடித்தன. பின்னாளில் நாட்டை ஆண்ட கூட்டணிக்குக் கால்கோள் அன்றுதான் நடந்தது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். எதிர்த்து நின்ற டத்தோ ஓன் ஜாஃபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை 2 இடங்கள். தோற்ற கட்சியின் கணக்கு என்பதால் அந்த இரண்டையும் யாரும் கிளறிப் பார்ப்பதில்லை.

அதில் ஒன்று, பங்சார் வட்டாரத்தில் தேவகி கிருஷ்ணன் வென்ற இடம். மலாயாவில் மக்கள் வாக்கால் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

தேவகி 1923இல் பிறந்த ஊர் போர்ட்டிக்சன். இன்று கடற்கரை விடுதிகளுக்குப் பேர்போன ஊர். அன்றோ சிரம்பானிலிருந்து வரும் ரயில்பாதை முடியும் துறைமுகம். ஊரை விட்டு உள்ளே போனால் சுவா பெத்தோங், சிலியாவ், லின்சம் என்று கித்தாக்காடு விரிந்துகொண்டே போகும். அந்தக் காடுகளின் லயங்களில் வாழ்ந்த நம் பெண்களின் நிலையை எண்ணிப் பார்த்தால்தான் தேவகியின் வெற்றி எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போக வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே காட்டில்தான் பாடுபட்டார்கள். ஆனால் 1928இல் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண்ணின் உழைப்பு குறைந்தது என்று சட்டமே எழுதிவைத்த காலம் அது. கங்காணி, கிராணி, துரை என்று அவளுக்கு மேலே இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

அந்த அடுக்கை முதலில் அசைத்தது போர்க்காலம். 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து ஜான்சி ராணிப் படையைத் தொடங்கியபோது, தோட்டத்துப் பெண்கள் பலர் பால்வாளியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தார்கள். போர் முடிந்தது. 1946இல் மலாயா இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) பிறந்தபோது, அந்தப் படையில் இருந்த ஜானகி தேவரும் அதன் தொடக்கக் கூட்டத்தில் இருந்தார். சிரம்பானில் பி.பி. நாராயணன் தோட்டத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிக்கொண்டிருந்தார். தேவகியின் இளமை இந்தக் கொந்தளிப்புக்கு நடுவே கழிந்தது.

அவர் நின்ற பங்சார் அன்று செல்வந்தர் வட்டாரம் அல்ல. ரப்பர் தோட்டம், ரயில்வே, மின்நிலையம் ஆகியவற்றில் உழைத்தவர்கள் வாழ்ந்த பகுதி. நம்மவர்கள் நிறைந்த இடம். ஓன் ஜாஃபாரின் கட்சி எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்த கட்சி. ம.இ.கா.வும் அந்தத் தேர்தலில் அதன் பக்கம் நின்றது. இனத்துக்கொரு கட்சி என்ற ஏற்பாடு வென்ற அதே நாளில், இனம் பாராத கட்சி ஒரு பெண்ணை நிறுத்தி வெற்றி பெறச் செய்தது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் 1952ஆம் ஆண்டின் வரலாறு முழுமையாகும்.

ஆனால் இந்த வெற்றி நகரத்தில் கிடைத்த வெற்றி. போர்ட்டிக்சன் தோட்டத்துப் பெண்ணுக்கு அதில் வாக்கு இல்லை. 1955 பொதுத்தேர்தலிலும் பதிவான வாக்காளர்களில் சுமார் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். குடியுரிமைக் கட்டுப்பாடு நம்மவர்களில் பெரும்பாலோரை வாக்குப்பெட்டிக்கு வெளியே நிறுத்தியிருந்தது. அந்தத் தேர்தலில் நாடு முழுவதிலும் வென்ற பெண் ஒருவர்தான், உலு சிலாங்கூரில் ஹலிமாத்தோன் அப்துல் மஜீத். அதற்கும் மூன்றாண்டு முன்பே தேவகி வென்றிருந்தார்.

1954இல் ம.இ.கா. கூட்டணியில் சேர்ந்தது. தேவகியின் நெடிய பொதுவாழ்வும் அந்தக் கட்சியோடு இணைந்தே நடந்தது. டான்ஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 2024 ஜனவரியில், நூறு வயதில் மறைந்தார்.

நூறாண்டு வாழ்ந்த அவரின் பெயர் எத்தனை தமிழ்ப்பள்ளி மாணவிகளுக்குத் தெரியும்? நெகிரி செம்பிலான் தமிழ்ப்பள்ளிகளிலாவது அவர் படம் சுவரில் இருக்க வேண்டும். தலைவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் அந்தப் பட்டியலில் தேவகியையும் சேர்க்க வேண்டும். பதவிக்குப் போட்டியிடும் துணிவு தம் மாநிலத்துப் பெண்ணிடம் எழுபது ஆண்டுக்கு முன்பே இருந்தது என்று அறிந்த பிள்ளை, மேடை ஏறத் தயங்க மாட்டாள்.

தேவகி வாக்குப்பெட்டி வழியாகப் பொதுவாழ்வுக்கு வந்தார். அதே மாநிலத்தில், 1956இல் சிரம்பானில் பிறந்த இன்னொரு பெண் நீதிமன்றத்தின் வழியாக வந்தார். 2007இல் வழக்கறிஞர் மன்றத்துக்குத் தலைவரானார். நீதித்துறையின் நேர்மைக்காக அதே ஆண்டு புத்ராஜெயாவில் வழக்கறிஞர்களைத் திரட்டி நடந்தார். பின்பு தூய தேர்தலுக்கான பெர்சே இயக்கத்தை வழிநடத்தினார். அம்பிகா சீனிவாசனின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)