கடவுள்தான் சொன்னாரா? மட்டக்களப்பு வாவிக்கரையில் தெளிந்து தேர்தலின் வரலாறு

"கர்த்தர் எனக்குச் சொன்னார்" எண்டு தொடங்குற வசனத்தை மட்டக்களப்பில் வளர்ந்த எந்தக் கிறிஸ்தவப் பிள்ளையும் நூறு தரமாவது கேட்டிருக்கும். கனடாவுக்குப் போகச் சொன்னார். இந்தப் பிள்ளையைக் கட்டச் சொன்னார். வேலையை விட்டிட்டு ஊழியத்துக்கு வரச் சொன்னார். அந்தச் சபையை விட்டு இந்தச் சபைக்கு மாறச் சொன்னார். அதுக்குப் பிறகு எதிர்த்துக் கதைக்க ஆருக்கும் ஏலாது. கடவுளே சொல்லிப்போட்டார், நாங்கள் ஆர் கேட்க?

ஆனால் திருச்சபை தொடக்க காலத்தில் இருந்தே இந்த வசனத்தை அப்படியே விழுங்கியதில்லை. யோவானின் முதலாம் நிருபத்தின் 4ஆம் அதிகாரம், வருகிற ஆவி எல்லாவற்றையும் நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, தீர்க்கதரிசனம் சொல்பவர் சொல்லட்டும், கேட்டிருப்பவர்கள் அதை நிதானித்துப் பார்க்கட்டும் என்று ஒழுங்கு வைக்கிறார். கேள்வி கேட்பது அவிசுவாசம் இல்லை, அது சபையின் கடமை என்பதுதான் இதன் அர்த்தம்.

இதற்குத் தமிழில் இரண்டு சொல் இருக்கிறது. புரட்டஸ்தாந்துக்காரர் 'பகுத்தறிதல்' என்பார்கள். ஆவிகளைப் பகுத்தறியும் வரம் பற்றி அவர்களின் வேதாகமத்திலேயே உண்டு. பகுத்தறிவு எண்ட உடனே எங்களுக்குப் பெரியாரும் கடவுள் மறுப்பும்தான் ஞாபகம் வரும். அதே சொல் வேதாகமத்துக்குள்ளும் இருக்கிறதைக் கனபேர் கவனிக்கிறதில்லை. கத்தோலிக்கர் 'தெளிந்து தேர்தல்' என்பார்கள். முதலில் தெளிவு, பிறகு தேர்வு. அந்த வரிசை முக்கியம்.

இதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர எத்தனையோ புத்தகங்கள் இருக்கு. நாங்கள் இங்கே பார்க்கப்போவது வேற. இந்த வாவியின் கரையில் உண்மையாகவே முடிவெடுக்க வேண்டி வந்தவர்கள் எதை வைத்து எடுத்தார்கள்?

தலைவர் இல்லாத கூட்டம்

1813ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் தோமஸ் கோக் என்ற மெதடிஸ்த தலைவர், ஒரு சிறு மிஷனரிக் குழுவோடு இங்கிலாந்தில் இருந்து கப்பலேறினார். ஆசியாவில் ஒரு மிஷனைத் தொடங்குவது அவருடைய பல வருடக் கனவு. அடுத்த ஆண்டு மே மாதம் இந்து சமுத்திரத்தின் நடுவில் அவர் தன்னுடைய அறையில் இறந்து கிடந்தார். குழுவில் இருந்த வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் அதே பயணத்தில் ஏற்கனவே இறந்திருந்தார்.

இன்றைக்கு இப்படி நடந்தால் என்ன சொல்லுவம்? "இது கடவுளின் சித்தம் இல்லை, திரும்பிப் போங்கோ" எண்டு ஒருவர் சொல்லுவார். "இது பிசாசின் தடை, விடாதேங்கோ" எண்டு இன்னொருவர் சொல்லுவார். இரண்டும் ஒரே சம்பவத்தை வைத்துத்தான். நடந்ததை வைத்து மட்டும் கடவுளின் மனதை வாசிக்க ஏலாது எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

1814 ஜூன் கடைசியில் அவர்கள் காலியில் வந்து இறங்கினார்கள். ஜூலையில் ஒன்றுகூடி, செபித்து, பேசி, இடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணம், காலி, மாத்தறை, மட்டக்களப்பு. மட்டக்களப்பு ஓல்ட்டுக்கு வந்தது. தனியாக வந்தார், பள்ளிக்கூடங்கள் தொடங்கினார், 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இறந்தார். இங்கே இருந்தது எட்டு மாதமளவுதான். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன்னுடைய தொடக்கத்தை அந்த 1814இல் இருந்துதான் கணக்கிடுகிறது.

எட்டு மாதத்தில் செத்தவரை அழைப்பில்லாதவர் எண்டு சொல்லுவமா? இருநூறு வருடம் நின்ற கல்லூரியைக் காட்டி அழைப்பு உண்மை எண்டு சொல்லுவமா? இரண்டுமே சுலபமான கணக்கு. ஒரு முடிவு சரியா பிழையா என்பதை அதன் வெற்றி தோல்வி சொல்லாது. அது எப்படி எடுக்கப்பட்டது, யாரோடு எடுக்கப்பட்டது என்பதுதான் எங்கள் கைக்குள் இருக்கிற விசயம். காலியில் கூடியவர்கள் வானத்தில் இருந்து குரல் வருமென்று காத்திருக்கவில்லை. ஒருவர் மற்றவருக்குக் காது கொடுத்தார்கள்.

அந்தத் தலைமுறையிடம் இன்னொரு பக்கமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகளில் அநேகர் எங்கள் ஊர்களின் அம்மன் சடங்கையும் தெய்வமாடுவதையும் பேய் வழிபாடு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். கேட்க முதலே தீர்ப்பு எழுதியாயிற்று. தங்களுக்குள் நிதானித்தவர்கள், முன்னால் நின்ற மக்களை நிதானிக்கவில்லை.

படுக்கையில் கிடந்த படைவீரன்

1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. அதன் பொறுப்போடு இயேசு சபையினர் கிழக்குக்கு வந்தார்கள். முதலில் பிரெஞ்சுக்காரர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்தவர். புனித மிக்கேல் கல்லூரியை நினைத்தால் அவர்களும் கூடவே நினைவுக்கு வருவார்கள். கூடைப்பந்தும் வரும். ஆனால் அவர்கள் ஒரு முறையையும் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றித்தான் நாங்கள் குறைவாகக் கதைக்கிறம்.

அந்த முறையின் தொடக்கம் ஒரு காயம். 1521இல் பம்பலோனாப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு கால் முறிந்த இஞ்ஞாசியார், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வாசிக்கக் கிடைத்தது கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் கதைகளும் மட்டும். சில நேரம் பழையபடி வீரனாகிப் புகழ் சேர்ப்பதைக் கனவு காண்பார். சில நேரம் புனிதர்களைப் போல வாழ்வதைக் கனவு காண்பார். இரண்டு கனவும் காணும்போது இனிக்கத்தான் செய்தது. பிறகுதான் வித்தியாசம். முதலாவது மனதை வறட்சியாக விட்டுப்போனது. இரண்டாவது முடிந்த பிறகும் ஒரு நிம்மதி தங்கியது.

பிற்காலத்தில் 'ஆன்மீகப் பயிற்சிகள்' ஆன கையேட்டின் விதை இதுதான். அதில் இருந்து மூன்று விசயம் எடுத்தால் போதும். மனம் இருண்டு கிடக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. தீமை எப்போதும் தீமையின் முகத்தோடு வராது, நல்லதின் வேசம் போட்டும் வரும். தீய தூண்டுதல் ரகசியத்தை விரும்பும், அதனால் நம்பிக்கையான ஒருவரிடம் திறந்து சொல்லு. "இதை ஒருத்தருக்கும் சொல்லாதே, கடவுள் உனக்கு மட்டும்தான் காட்டினவர்" எண்டு ஆரும் சொன்னால், அந்த இடத்திலேயே நில்லுங்கோ.

1988, 1990

அமைதியான காலத்தில் இந்த விதிகள் எல்லாம் தியான மண்டபத்துச் சங்கதி. மட்டக்களப்புக்கு அப்படியான காலம் நீடிக்கவில்லை.

1988 ஜூன் 6ஆம் திகதி, பிரஜைகள் குழுவுக்குத் தலைமை தாங்கிய சந்திரா பெர்னாண்டோ அடிகளார் கோயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் அதேபோல. செப்டம்பரில் வந்தாறுமூலை முகாமில் இருந்து தமிழர்கள் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்படத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரே வாவிக்கரை, ஒரே கோடைகாலம்.

அந்த நாட்களில்தான், ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று, யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். வயது 66. கூடைப்பந்துப் பயிற்சியாளர், தொழிற்பயிற்சி நிலையத்தை நடத்தியவர். வாழைச்சேனைக்குப் போனது, அங்கே ஆபத்தில் இருந்த அருட்சகோதரிகளுக்கு உதவ. கூட ஒரு தமிழ் இளைஞர். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. இன்றுவரைக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்கள்தான்.

இதைத் தியாகக் கதையாக மட்டும் சொல்லிவிட்டு நகர்வது லேசு. எங்களைப் பிடிக்கிற விசயம் வேற. தெளிந்து தேர்தல் எண்டா 'எனக்கு எது நல்லது' எண்ட கேள்வி எண்டு நாங்கள் பழகிவிட்டோம். எந்தத் துறை, எந்த நாடு, எந்தத் துணை. அந்தப் பயணத்தின் கேள்வி 'யார் அங்கே தனிய நிற்கிறார்கள்' என்பது. முதல் கேள்வி உள்ளே திரும்பும், இரண்டாவது வெளியே.

இரண்டு கரையும் கேட்கிறது

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. தொண்ணூறுகளில் நகரமும் எழுவான்கரையும் படையினர் கையில், படுவான்கரையில் பெரும்பகுதி புலிகளின் கையில். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கரையிலும் இரண்டு கதை இருக்கும். இரண்டு கதைக்கும் பின்னால் துவக்கு இருக்கும்.

நடுவில் தாய்மார். மகன் எங்கே எண்டு முகாமுக்கு முகாம் அலைந்தார்கள். "எங்களிட்ட இல்லை" எண்ட பதில்தான். அந்த நேரத்தில் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம் தாய்மார் கூட்டமாகப் போனார்கள் என்பதை பற்றிசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். பிள்ளை உயிரோடு இருக்கா, இல்லையா? வாயைத் திறந்து அழக்கூடப் பயந்த காலத்தில், அவர்களின் வலியைத் தன் உடம்பில் வாங்கி ஒருவர் உரத்துச் சொன்ன இடம் அதுதான். அதைப் 'பேய்' எண்டு தள்ளிவிடுகிற கிறிஸ்தவரிடம் ஒரு கேள்வி: அந்தத் தாய் உங்கள் வாசலுக்கு வந்திருந்தால் கேட்க ஆள் இருந்ததா?

கேட்க ஆள் இருந்த இடங்களில் ஒன்று மட்டக்களப்பு சமாதானக் குழு. 1948இல் இலங்கைக்கு வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய ஹரி மில்லர் அடிகளார் அதில் முக்கியமானவர். வேறு சமயத்தவர்களும் அதில் இருந்தார்கள். வேலை பெரிய வேலை போல தெரியாது. வருகிறவர் சொல்வதைக் கேட்கிறது. பெயர், ஊர், திகதி, யார் கூட்டிக்கொண்டு போனது, யார் பார்த்தது என்று எழுதுகிறது. அதிகாரிகளிடம் போய் விசாரிக்கிறது. பதில் கிடைக்காவிட்டாலும் பதிவை வைத்திருக்கிறது.

இதை நாங்கள் ஆன்மீகம் எண்டு கணக்கெடுக்கிறதில்லை. ஆனால் பொய்யான ஆறுதல் கொடுக்காமல், பயத்துக்காக உண்மையை விழுங்காமல், வந்தவர் எந்தப் பக்கம் எண்டு பார்க்காமல் கேட்பது ஆவிகளைச் சோதிப்பதேதான். "கவலைப்படாதேங்கோ, மகன் வருவான் எண்டு கர்த்தர் காட்டினார்" எண்டு சொல்லுறது எவ்வளவு லேசு. அந்தத் தாய் அதை நம்பி எத்தனை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பா எண்டதை யோசித்தால் நாக்கு எழும்பாது.

1996இல் போல் ஹோகன் என்ற கனேடியக் கலைஞரும் போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண்ணும் நிறமும் கதையுமாக விளையாடினார்கள். 1990க்குப் பிறகு ஆறே வருடத்தில். அந்த இரண்டு சமூகத்திலும் எத்தனை குரல்கள் "சேராதே" எண்டு சொல்லியிருக்கும்! அவற்றில் சில சாமியின் பெயரிலும் வந்திருக்கும்.

2019க்குப் பிறகு

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. 30 பேரளவில் இறந்தார்கள், கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். முதுகுப் பையோடு வந்தவரில் சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் வாசலில் மறித்த ஒருவர் தன் உயிரைக் கொடுத்தார். அவர் மறித்திருக்காவிட்டால் கணக்கு இன்னும் கூடியிருக்கும்.

பிறகு வந்த கிழமைகளில் போன்களில் சுற்றிய செய்திகளை ஞாபகப்படுத்திப் பாருங்கோ. முஸ்லிம் கடைக்குப் போகாதேங்கோ. அவர்களோடு பழகாதேங்கோ. சிலவற்றில் வேத வசனமும் ஒட்டியிருந்தது. கோபம் நியாயமானது. பிள்ளைகளைப் புதைத்தவர்களின் கோபத்தை நாங்கள் குறைசொல்ல ஏலாது. ஆனால் இஞ்ஞாசியார் சொன்ன 'நல்லதின் வேசம்' இதுதான். நீதிக்கான பசி மாதிரியே தோற்றமளித்து, குண்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பக்கத்து வீட்டாரின் வயிற்றில் அடிக்கச் சொல்லுகிற குரல். அந்த மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அந்தக் குரல் எங்கே கொண்டுபோய் விடும் எண்டு எல்லாருக்கும் தெரிந்தது.

இருநூறு வருடக் கதையில் இருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிறது நாலு கேள்விதான். இந்தக் குரலை மற்றவர்கள் முன்னால் வைக்கத் தயாரா, இல்லை ரகசியமாக வைக்கச் சொல்லுதா? சூடு ஆறின பிறகும் இதில் நிம்மதி மிஞ்சுதா? தனிய நிற்கிறவர் பக்கம் என்னைக் கொண்டுபோகுதா, அவரிடம் இருந்து விலக்குதா? மற்றக் கரையில் இருக்கிறவரின் கதையைக் கேட்ட பிறகும் இதே முடிவுதானா?

நாலாவது கேள்வியில்தான் கனபேர் தடக்குப்படுகிறோம். மற்றக் கரைக்குப் போகப் பாலம் இருக்கு, பஸ் இருக்கு. போனால் முடிவு மாறிவிடுமோ எண்ட பயம்தான் போகவிடாமல் வைத்திருக்கு. அப்படி ஒரு பயம் இருந்தால், அந்த முடிவைக் கடவுளின் பெயரில் சொல்ல முதல் இன்னும் கொஞ்சக் காலம் பொறுக்கலாம்.