குழி எண்ணிப் போன பெருவழி

தலைவாசலுக்குப் பக்கத்து ஆறகளூரில் தூரம் காட்டும் பழைய காதக்கல் ஒன்று கிடைத்தது. வாணகோவரையர்கள் அந்த ஊரிலிருந்து மகதை மண்டலத்தை ஆண்ட காலம். 13ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். மகதேசன் பெருவழி, காஞ்சிபுரம் 16 காதம். சேதி அவ்வளவுதான். கூடவே காதத்துக்கு ஒன்றாக 16 குழிகள்.

நான் ஆத்தூரில் போர்டு எழுதுகிறவன். கடைப் பெயர், பஸ் பெயர், லாரிக்குப் பின்னால் எழுதும் வாசகம் என்று எழுத்திலேயே சாப்பிடுகிறவன். எழுத்துத் தெரியாதவனுக்கும் அதே கல்லில் இடம் ஒதுக்கிய அந்தச் சிற்பியை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. குழியை இருட்டில் விரலால் தடவியும் எண்ணிவிடலாம்.

தருமபுரிப் பக்கம் கிடைத்த இரண்டு கற்கள் இன்னும் கெட்டி. அதியமான் பெருவழி, நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்கிறது ஒன்று, 27 என்கிறது மற்றது. தாவளம் என்றால் வணிகச் சாத்துகள் இறங்கித் தங்கும் இடம். பொதிமாட்டுக்காரன் நின்று 29 குழியை எண்ணிக்கொண்டிருப்பானா? அதனால் பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சின்னக் குழி. இரண்டு பெரிசு, ஒன்பது சிறிசு. பார்த்த மாத்திரத்தில் கணக்கு முடிந்தது.

இந்தக் கற்களில் எழுதாமல் விட்டதைத்தான் நான் அதிகம் மெச்சுவேன். கோயில் சுவரில் மன்னன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி வரிவரியாக ஓடும். இந்த வழிக்கற்களில் மன்னனுக்குப் பெயர் மட்டும்தான், அதுவும் சாலையின் பெயராக. ரோமாபுரிச் சாலைக் கற்களில்கூடச் சக்கரவர்த்தியின் பட்டங்கள் பாதிக் கல்லை அடைத்துக்கொள்ளும். இப்போது என்னிடம் வருகிறவர்கள் உபயதாரர் பெயரைப் பெரிசாகக் கேட்கிறார்கள். ஊர்ப் பெயர் மிச்ச இடத்தில்.

எங்கள் பக்கம் தனியார் பஸ்களில் மட்டும் பழைய புத்தி கொஞ்சம் தங்கியிருக்கிறது. போய்ச் சேரும் ஊரைப் பெரிசாகவும் வழி ஊர்களைச் சிறிசாகவும் எழுதச் சொல்வார்கள். படிக்காதவர்களுக்கு வண்டியின் நிறமும் முகப்பில் வரைந்த சாமியும் போதும். ராசிபுரம் போகும் வண்டி ஒன்றுக்கு முதலாளி திடீரென்று பச்சையை மாற்றி நீலம் அடிக்கச் சொன்னார், அடித்தேன். கொஞ்ச நாளைக்கு வழிநெடுகக் கிழவிகள் அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கை காட்டினார்கள்.