செல்ஃப் அடிக்குது... ஆனா கார் ஸ்டார்ட் ஆகலையா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்க!

'வண்டி ஸ்டார்ட் ஆகல' என்று மெக்கானிக்கிற்கு போன் போட்டால், பெரும்பாலும் அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "செல்ஃப் அடிக்குதா, அடிக்கலையா?"

இந்த ஒரு கேள்விக்கான பதிலிலேயே பாதிப் பிரச்னை பிரிந்துவிடும். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கிறது என்றால் பேட்டரி, அதன் டெர்மினல், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் செல்ஃப் வழக்கமான வேகத்தில் 'கிர்ர்ர்' என்று சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. இன்ஜினைச் சுழற்றும் அளவுக்கு பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, செல்ஃப் மோட்டாரும் வேலை செய்கிறது. ஆனாலும் பலர் முதலில் ஓடுவது பேட்டரி கடைக்குத்தான். சில ஆயிரங்கள் செலவாகும், வண்டி அதே இடத்தில்தான் நிற்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. செல்ஃப் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது, அப்போது டேஷ்போர்டு விளக்குகளும் மங்குகின்றன என்றால் பேட்டரி மீது சந்தேகப்படலாம். வோல்டேஜ் ரொம்ப இறங்கிவிட்டால், செல்ஃப் சுற்றினாலும் காரின் கம்ப்யூட்டரான ஈசியூ ஒழுங்காக இயங்காது. அப்போது இன்னொரு பேட்டரியில் இருந்து ஜம்பர் கேபிள் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மழைத் தண்ணீரில் நின்ற காரா? சாவியைத் தொடாதீங்க

வேறு எந்தச் சோதனைக்கும் முன் பார்க்க வேண்டியது இது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் 'ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பார்ப்போமே' என்ற ஆசை யாருக்கும் வரும். அந்த ஒரு தடவைதான் ஆபத்து.

காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் இன்ஜின் பிளாக்கே உடையும். 'ஹைட்ரோஸ்டேட்டிக் லாக்' என்று சொல்வது இதைத்தான். டீசல் இன்ஜினில் அழுத்தம் அதிகம் என்பதால் சேதமும் மோசமாக இருக்கும்.

இன்சூரன்ஸிலும் இதே இடத்தில்தான் சிக்கல் வரும். வெள்ளத்தால் ஆன சேதம் வேறு, தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் ஆன சேதம் வேறு என்று நிறுவனங்கள் பிரித்துப் பார்க்கின்றன. 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் எடுக்காதவர்களுக்கு இரண்டாவது வகை க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். அதனால் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதை போட்டோ எடுத்துவிட்டு, ரிக்கவரி வண்டியை வரவழைப்பதுதான் சரி. ஏர் ஃபில்டர் ஈரமாக இருந்தாலோ, ஆயில் பால் டீ நிறத்தில் மாறியிருந்தாலோ தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

தண்ணீர் பிரச்னை இல்லை என்று உறுதியானால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பெட்ரோல் இன்ஜின் பிடிக்க காற்று, பெட்ரோல், ஸ்பார்க் மூன்றும் சரியான நேரத்தில் சேர வேண்டும். காற்று அடைபட்டு வண்டி நிற்பது அபூர்வம். எனவே தேடல் பெரும்பாலும் மற்ற இரண்டில்தான்.

முதலில் டேஷ்போர்டைப் பாருங்கள். சாவி அல்லது பூட்டு படம் போட்ட விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? அது இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சின்ன சிப்பை கார் அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். திருட்டைத் தடுப்பதற்காக பல மாடல்களில் செல்ஃபை மட்டும் சுற்றவிட்டு பெட்ரோலை நிறுத்திவிடுவார்கள். சில கார்கள் ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியிலேயே அணைந்துவிடும். வீட்டில் இருக்கும் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் பிரச்னை சாவியில்தான், இன்ஜினில் இல்லை.

அடுத்தது காதுக்கு வேலை. ஏசி, ஆடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியில் இருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்ற மெல்லிய சத்தம் வர வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் டேங்க்குக்குள் இருக்கும் ஃபியூயல் பம்ப்பின் சத்தம் அது. கேட்கவே இல்லை என்றால் ஃபியூயல் பம்ப்பின் ஃபியூஸ், ரிலே இரண்டையும் பாருங்கள். ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலேயே எது எங்கே என்று படம் இருக்கும். ஹாரனுக்கும் அதே நம்பர் ரிலே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இதில் சரியானால் சின்னச் செலவோடு முடிந்தது. ஆகவில்லை என்றால் பம்ப், அதற்கு வரும் வயர் என்று மெக்கானிக் பார்க்க வேண்டியிருக்கும்.

சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 'கேஸ்லதானே ஓட்டுறோம்' என்று பெட்ரோல் டேங்க்கை காய விடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பல சிஎன்ஜி கார்கள் முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, அதன்பிறகுதான் கேஸுக்கு மாறும். சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் வண்டி பிடிக்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பெட்ரோல் நெடி அடிக்குதா?

நிறைய தடவை செல்ஃப் அடித்த பிறகு சைலன்சர் பக்கம் பெட்ரோல் நெடி தூக்கலாக இருந்தால், பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. காரை ஷெட்டில் இருந்து வாசலுக்கு எடுத்து நிறுத்தி உடனே அணைத்துவிட்டால், அடுத்த முறை இப்படி ஆவதுண்டு. குளிர்ந்த இன்ஜினுக்கு அதிகமாகப் போன பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைத்துவிடும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு 5 முதல் 10 விநாடி செல்ஃப் அடிக்க வேண்டும். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் இப்படிச் செய்தால் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் பிளக் காயும். இன்ஜின் பிடித்ததும் காலை உடனே எடுத்துவிடுங்கள். ஆனால் நெடி பானெட்டுக்கு அடியிலோ, டேங்க் பக்கமோ வந்தாலும், கீழே சொட்டியிருந்தாலும் அது கசிவு. அப்போது செல்ஃபே அடிக்கக் கூடாது.

எப்போது முயற்சி செய்தாலும் 10 விநாடிக்கு மேல் செல்ஃபை பிடித்து வைக்காதீர்கள். நடுவில் அரை நிமிஷமாவது இடைவெளி விடணும். இல்லையென்றால் நல்லா இருந்த பேட்டரியும் இறங்கும், செல்ஃப் மோட்டாரும் சூடாகும்.

ஸ்பார்க் பக்கம் என்ன பார்க்கலாம்?

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். இன்ஜின் சுற்றுவதால் அது கொஞ்சமாவது, அதாவது 200 அளவுக்கு, எழும்ப வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் வரும். இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்வது இந்த சென்சார்தான். தகவல் வரவில்லை என்றால் ஸ்பார்க்கும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. ஆனால் சில மாடல்களில் நல்ல நிலையிலும் முள் அசையாது என்பதால் இதை மட்டும் வைத்து சென்சாரை மாற்றிவிடக் கூடாது. நெடுஞ்சாலையில் சூடாக இருக்கும்போது நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும் கார்களில் பல நேரம் குற்றவாளி இதுதான்.

ஸ்டீயரிங்குக்கு கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோடு வரும். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட். 'சர்க்யூட்' என்ற வார்த்தை முக்கியம். சென்சார்தான் போச்சு என்று கோடு சொல்வதில்லை, அதற்குப் போகும் வயரும் அறுந்திருக்கலாம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் கார்களுக்கு எலித் தொல்லை எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. பானெட்டைத் திறந்து புழுக்கை, கடித்த வயர், பிய்ந்த இன்சுலேஷன் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆனால் பிளக்கைக் கழற்றி கையில் பிடித்து ஸ்பார்க் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். இன்றைய காயில்களில் பாய்வது பல்லாயிரம் வோல்ட்.

சத்தம் மாறினால் நிறுத்திடுங்க

செல்ஃப் வழக்கத்தை விட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றுகிறதா? டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்கு மேல் ஒரு முறை கூட அடிக்கக் கூடாது. பல இன்ஜின்களில் பிஸ்டன் வந்து வால்வில் இடித்து வளைத்துவிடும். பழைய சான்ட்ரோ, 1.5 டீசல் டஸ்டர் போன்றவற்றில் இருப்பது பெல்ட். மாருதியின் கே சீரிஸ் இன்ஜின்களில் செயின், அது அவ்வளவு சுலபமாக அறுவதில்லை.

டீசல் காரா?

டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. டேங்க் காலியாகி நின்ற கார் என்றால், டீசல் ஊற்றிய பிறகும் லைனில் காற்று இருக்கும். ஃபில்டர் பக்கத்தில் கை பம்ப் உள்ள வண்டிகளில் அது இறுகும் வரை அடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததற்கான விளக்கு எரிந்தால் முதலில் அதை வடிக்க வேண்டும். சுருள் படம் போட்ட க்ளோ பிளக் விளக்கு ஊட்டி, கொடைக்கானல் குளிரில் முக்கியம், சமவெளியில் அதனால் வண்டி நிற்பது அரிது.

பங்க்கில் இருந்து கிளம்பியதும் நின்றால்?

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து தனி அடுக்காக டேங்க்கின் அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான். பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரில் வண்டி நின்றால் பில்லைத் தூக்கிப் போடாதீங்க. மெக்கானிக்கை விட்டு டேங்க்கில் இருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்கு தெரியும். அதை போட்டோ எடுத்து, பில்லோடு பங்க்கின் புகார் புத்தகத்தில் பதிவு செய்யலாம்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

நாலு பேர் கூடினால் வரும் முதல் யோசனை இது. தள்ளுவது செல்ஃப் மோட்டார் செய்யும் வேலையைத்தான் செய்யும். அந்த வேலைதான் ஏற்கனவே நடக்கிறதே! மேலும் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதை மாற்றும் செலவு ஒரு பேட்டரியை விடப் பல மடங்கு.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033க்கு அழைக்கலாம். மெக்கானிக்கிடம் பேசும்போது 'ஸ்டார்ட் ஆகல' என்று மட்டும் சொல்லாமல், செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது, பம்ப் சத்தம் வந்ததா, எந்த விளக்கு எரிகிறது, பெட்ரோல் நெடி உண்டா, சூட்டில் நின்றதா குளிரில் நின்றதா என்று சொல்லுங்கள். எந்தப் பொருளையும் கொண்டு வர வேண்டுமா, வண்டியை இழுத்துப் போக வேண்டுமா என்பதை அவர் போனிலேயே முடிவு செய்துவிடுவார்.