பெண்கள் முன்னுக்கு வாங்கோ!

நிர்வானாவின் 'ஸ்மெல்ஸ் லைக் ரீன் ஸ்பிரிட்' எங்களில் கனபேருக்குத் தெரிந்த பாட்டு. 1991இல் வந்தது. அதின்ர தலைப்பு ஒரு பெண் சுவரில் எழுதின பகிடி எண்டது அவ்வளவாய்த் தெரியாது. 'ரீன் ஸ்பிரிட்' அந்தக் காலத்தில் இளம் பெண்களுக்கெண்டு விற்ற டியோடரன்ட். அந்த மணம் கேர்ட் கோபேனில் அடிக்குது எண்டு அவரின் அறைச் சுவரில் எழுதினவர் கத்லீன் ஹனா.

ரொக் வரலாற்றில் ஹனா பெரும்பாலும் இந்தக் கதைக்குள்ளேயே நிண்டுவிடுகிறார். ஆனால் 1990இலேயே, அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள ஒலிம்பியா நகரில், டோபி வெய்ல், கேத்தி வில்கொக்ஸ், பில்லி கரன் ஆகியோரோடு அவர் 'பிகினி கில்' இசைக்குழுவைத் தொடங்கிவிட்டார். நாலு பேரில் பில்லி மட்டும்தான் ஆண்.

அப்போதைய பங்க் நிகழ்ச்சிகளில் மேடைக்கு முன்னால் ஆண்கள் இடிபட்டு ஆடுவார்கள். அடிபடாமல் நிண்டு கேட்கவேணும் எண்டால் பெண்கள் பின்னுக்குப் போகவேணும். ஹனா மேடையில் நிண்டு பெண்களை முன்னுக்கு வரச் சொன்னார், ஆண்களைப் பின்னுக்குப் போகச் சொன்னார். இதுக்காக வசவும் வாங்கினார், சில இடங்களில் அடியும் விழுந்தது.

1991 ஓகஸ்டில் ஒலிம்பியாவில் நடந்த ஒரு இசைவிழாவில் முதல் இரவு பெண்களுக்கெண்டு ஒதுக்கப்பட்டது. பிராட்மொபைல் வாசித்தது. ஹெவன்ஸ் டு பெட்சிக்கு அதுதான் முதல் மேடை. அதில் பாடின கொரின் டக்கர்தான் பிறகு 'ஸ்லீட்டர்-கின்னி'யைத் தொடங்கினவர்களில் ஒருவர்.

இந்த அலைக்கு 'ரயட் கேர்ள்' எண்டு பெயர். பாட்டு அதில் ஒரு பாதிதான். மற்றப் பாதி, போட்டோகொப்பி அடித்து ஸ்டேப்ளர் குத்தின சின்னச் சஞ்சிகைகளும் பெண்கள் கூடிக் கதைத்த கூட்டங்களும். வீட்டில் சொல்ல ஏலாத பாலியல் வன்முறையை அங்கே எழுதினார்கள், கதைத்தார்கள். 1992இல் பெரிய பத்திரிகைகள் தேடி வந்தபோது, அவை உடுப்பைப் பற்றியும் தலைமுடியைப் பற்றியுமே எழுதின. அதனால் இவர்களில் பலர் ஊடகங்களோடு கதைக்கிறதையே நிறுத்தினார்கள்.

இந்த இயக்கத்துக்குள்ளும் குறை இருந்தது. முன்னுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைப் பெண்கள். வியட்நாமில் பிறந்த மிமி நுயென் 1997இல் வெள்ளையர் அல்லாத பங்குகளின் எழுத்துகளைத் தொகுத்து ஒரு சஞ்சிகை வெளியிட்டார். பெண்கள் முன்னுக்கு வரட்டும் சரி, எந்தப் பெண்கள் எண்ட கேள்வி அதில் இருந்தது.

பிகினி கில் அதே 1997இல் கலைந்தது, 2019இல் திரும்பவும் மேடை ஏறியது. அந்தப் போட்டோகொப்பித் தாள்கள் இப்போது நியூயோர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தனித் தொகுப்பாக இருக்கின்றன. அவர்கள் தாங்களே எழுதி வைத்திராவிட்டால், எங்களுக்கு மிஞ்சியிருக்கிறது அந்தச் சுவர்ப் பகிடி மட்டும்தான்.