மலையேறப் போறீங்களா? நம்ம காட்டுக்குக் கணக்கே வேற!

புரோகா மலையில் சூரிய உதயம் பார்த்தாச்சு. புக்கிட் காசிங்கை நாலைந்து தடவை சுற்றியாச்சு. அடுத்து என்ன என்று கேட்டால், கிள்ளான் பள்ளத்தாக்கு இளையர்கள் பலர் சொல்லும் பெயர் குனோங் நுவாங்.

உலு லங்காட்டில் இருக்கும் நுவாங்கின் உயரம் 1,493 மீட்டர். சிலாங்கூரின் உயரமான சிகரங்களில் இதுவும் ஒன்று. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவுக்குத் தயாராகிறவர்களும் கால்களைப் பழக்க இங்கேதான் வருவார்கள்.

போவது என்று முடிவானதும் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை யூடியூபில் தேடுவது. அங்கேதான் கணக்கு தப்புகிறது. அந்தக் காணொளிகளில் பல, அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எடுக்கப்பட்டவை. அவர்களுடைய கவலை குளிரும் பனியும். நம்ம காட்டில் எதிரி ஈரம். வியர்வை, மழை, சேறு, ஆறு என்று அது எல்லாப் பக்கமும் வரும். எதை வாங்குவது, எதைச் சமைப்பது, எப்போது திரும்புவது எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் முடிவு செய்யணும்.

விலை உயர்ந்த காலணி தேவையா?

‘வாட்டர்புரூஃப்’ பூட்ஸுக்கு 600, 700 ரிங்கிட் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிங்க. ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறினால், அது பூட்ஸின் வாய் வழியாக உள்ளே போகும். தண்ணீரைத் தடுக்கும் அதே துணி, உள்ளே போனதை வெளியே விடாது. மீதி நாள் முழுக்க ஆளுக்கு இரண்டு வாளி சுமந்து நடக்கிற மாதிரிதான்.

இதற்கு உள்ளூர் மாற்று ஒன்று இருக்கிறது: கம்போங் அடிடாஸ். பெயரில்தான் அடிடாஸ், அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடியில் குமிழ் குமிழாக இருக்கும் கறுப்பு ரப்பர் காலணி. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டியின் காலில் பார்த்திருப்பீங்க. மலை வழிகாட்டிகள் பலர் இன்றும் இதைப் போட்டுக்கொண்டுதான் நம்மை முந்திப் போகிறார்கள். சேற்றிலும் வேர்களிலும் நன்றாகப் பிடிக்கும்; தண்ணீர் புகுந்தால் கவிழ்த்து ஊற்றிவிட்டு நடக்கலாம். ஆனால் அடிப்பாகம் மெல்லியது, கணுக்காலுக்குத் தாங்கல் கிடையாது. தடித்த காலுறை இல்லாமல் போட்டால் கொப்புளம் நிச்சயம். பழக்கமில்லாதவர்கள் முதலில் சின்ன மலையில் போட்டு நடந்து பார்ப்பது நல்லது.

வீட்டில் ஏற்கனவே நல்ல பூட்ஸ் இருக்கா? மூன்று நான்கு வருடமாகப் பெட்டியிலேயே கிடந்திருந்தால் அடிப்பாகத்தை அழுத்தியும் வளைத்தும் பாருங்க. பல காலணிகளின் அடியில் இருக்கும் பாலியூரிதேன் என்ற பொருள், காற்றிலுள்ள ஈரத்தால் மெதுவாகச் சிதைந்துவிடும். வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். காட்டுக்குள் மூன்றாவது மணி நேரத்தில் அப்படியே கழன்று வரும். பையில் நாலு கேபிள் டை போட்டுக்கொண்டால் கட்டிக்கொண்டாவது இறங்கலாம்.

பைக்குள் என்ன?

முதுகுப்பைக்கு மேலே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீங்க. முதுகுப் பக்கமாக வழியும் தண்ணீரை அது தடுக்காது. தடித்த கறுப்புக் குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டினாலே போதும்.

அதற்குள் ஒரு செட் உலர்ந்த உடை இருக்கணும். அதை நடக்கும்போது தொடவே கூடாது. உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 0.6 டிகிரி குறையும். அப்படியானால் நுவாங் உச்சியில் அடிவாரத்தைவிட 7, 8 டிகிரி குறைவாக இருக்கும். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. நனைந்த சட்டையோடு, காற்றில், அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உடல் நடுங்க ஆரம்பிக்கும். வெப்பமண்டலத்திலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஒருவர் நடுங்கிக்கொண்டே பேச்சுக் குழறினால், முதலில் ஈர உடையை மாற்றுங்க. சூடான பானம் அப்புறம்.

அட்டைக்குப் பயந்து யாரும் திரும்ப வேண்டியதில்லை. நுவாங் பாதையில் ஒரு முகாமுக்கே ‘கெம் பாச்சாட்’, அதாவது அட்டை முகாம் என்றுதான் பெயர்! முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை போடுங்க. கடித்தால் நகத்தால் நெம்பி எடுங்க. நெருப்பு வைக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் வழியும், அவ்வளவுதான்.

என்ன சாப்பிடலாம்?

காலை 6 மணிக்கு வழியில் வாங்கிய நாசி லெமாக்கை உச்சியில் போய்ச் சாப்பிடலாம் என்று வைக்காதீங்க. தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு, சூட்டில், மூடிய பொட்டலத்தில் மதியத்துக்குள் கெட்டுவிடலாம். அதை அடிவாரத்திலேயே முடித்துவிடுங்க. மதியத்துக்குப் புளிச்சோறு பரவாயில்லை. புளிப்பும் எண்ணெயும் அது சீக்கிரம் கெடாமல் பார்த்துக்கொள்ளும். யாத்திரைக்குப் போனவர்கள் கட்டிக்கொண்டு போனதும் அதைத்தானே? இரவு தங்குவதாக இருந்தால் வறுத்த நெத்திலி, செருண்டிங், பேரீச்சம்பழம், மேகி. வியர்வையில் உப்பும் போவதால், தண்ணீரோடு உப்புக் கரைசல் பொட்டலம் இரண்டும் வேணும்.

அடுப்புக்கு, ஸ்டீம்போட்டுக்குப் பயன்படுத்தும் நீளமான பியூட்டேன் டப்பா போதும். பூஜ்ஜிய டிகிரியை நெருங்கும் குளிரில் அது சரியாக எரியாது. நம்ம காட்டில் அந்தப் பிரச்சினை வராது. ஆனால் விமானத்தில் கொண்டுபோக முடியாது. மழை வருகிறதே என்று கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் கூடவே கூடாது. தீயைவிட மோசமானது, மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு. காற்றைத் தடுக்க டப்பாவைச் சுற்றிக் கல் அடுக்குவதும் ஆபத்து. டப்பா சூடேறி வெடிக்கலாம்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்காதீங்க. எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நம்ம நாட்டில் உண்டு. நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும்.

மேலே வெயில், ஆறு எப்படிப் பெருகும்?

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படிச்சிடுங்க. நுவாங் பாதையில் கெம் லோலோ ஆற்றோரமாக இருக்கிறது. களைப்போடு வருகிறவர்கள் குளிப்பதும் சமைப்பதும் அங்கேதான்.

மலாயில் ‘கெபாலா ஆயர்’ என்பார்கள், நீரின் தலை. மேலே எங்கோ பெய்த மழை, சரிவுகளில் ஓடி ஒரே ஓடையில் சேரும். சில சமயம் விழுந்த மரங்களும் கிளைகளும் அதைத் தடுத்துத் தேக்கி வைக்கும். அது உடையும்போது, தண்ணீர் சுவர் மாதிரி இறங்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு மழைகூட விழுந்திருக்காது. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

அடையாளங்கள் உண்டு. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும். இலையும் குச்சியும் அதிகமாக மிதந்து வரும். மேல்பக்கம் இரைச்சல் கேட்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போங்க. பையோ கைப்பேசியோ அங்கேயே கிடக்கட்டும். ஏற்கனவே பெருகிய ஓடையை, முழங்கால் அளவுதானே என்று கடக்காதீங்க. வேகமான தண்ணீருக்கு முழங்கால் அளவே ஆளைச் சாய்க்கப் போதும். காத்திருந்தால் சின்ன ஓடைகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

வானிலை பார்க்கும்போது வண்டி நிறுத்தும் இடத்துக்கு மட்டும் பார்க்காமல், ஆறு தொடங்கும் மலைப்பகுதிக்கும் பாருங்க.

எப்போது திரும்பணும்?

நம்ம ஊரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான். நுவாங் போய்வரப் பலருக்கு 9, 10 மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் வரும் அந்த நீண்ட மண்சாலைக்கு ‘முடிவில்லாச் சாலை’ என்றே பட்டப்பெயர். இறங்கும்போது அது இரண்டு மடங்கு நீளம். அதனால் விடியலிலேயே தொடங்கி, மதியம் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று குழுவாக முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்க. மேலே போய்ப் பேசினால் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அடர்ந்த காட்டுக்குள் 6.30 மணிக்கே இருட்டிவிடும். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று வேணும். கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால், உதவிக்கு அழைக்கும்போது பேட்டரி இருக்காது.

கிளம்பும் முன், மாநில வன இலாகாவிடம் அனுமதி தேவையா, ‘மாலிம் குனோங்’ எனப்படும் பதிவுபெற்ற வழிகாட்டி கட்டாயமா என்று கேட்டுவிடுங்க. விதிமுறை மாநிலத்துக்கு மாநிலம், மலைக்கு மலை மாறும். அனுமதியில்லாமல் நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்புங்க. குறித்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால், அவர் அழைக்க வேண்டிய எண் 999.